மெத்தை அடுக்குக்குப் பின்னால்

குளிர்காலம் வந்தால் எனக்கு முதுகு வலிக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. எங்கள் பிஷ்கெக் நகரத்தில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த வலி உண்டு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்வதென்றால் என் முதுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மருமகள் பெகாயிம், ஐந்து வயதுப் பேத்தி அய்தாய். என் மகன் எர்மெக் இரண்டு வருடத்துக்கு முன்னால் மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துபோனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அய்தாயுடையதுதான். நான் முப்பத்தொரு வருடம் துணை மின்நிலையத்தில் வேலை பார்த்தவன். எதையும் பதறாமல் செய்யும் பழக்கம் அங்கே வந்தது.

பெகாயிம் நர்ஸ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மொழித் தேர்வு மட்டும் பாக்கி. சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன்னால் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த முறை செல்லாது. மூன்று முறைதான் விடுவார்கள்.

அவள் வந்து சொன்னதும் நான் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, "உன் பாதை வெள்ளையா இருக்கட்டும்" என்று ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன். மனதாரத்தான் சொன்னேன். அய்தாயும் என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்தக் கையும் போய்விடுமே என்ற பயம்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை பெகாயிமின் தம்பி குபாத் சேர்த்துக் கொடுத்திருந்தான். சந்தையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கிறவன். நல்ல கைக்காரன். அது எர்மெக்கின் அறையில் இருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான், அதில் திரையும் மேசை விளக்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் எர்மெக் சுவரில் ஓட்டை போட்டுக் கூடத்திலிருந்து ஒயர் இழுத்திருந்தான். கூடத்துப் பாயின்ட் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகளை மடித்து அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அடுக்குக்கு முன்னால்தான் வீட்டுப் பெரியவர் உட்காரும் இடம். அங்கிருந்து என்னை எழுந்திருக்கச் சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கும் வாய் வராது.

செப்டம்பரில் ஒரு மதியம் வலிக்கிறதே என்று நன்றாகச் சாய்ந்தேன். உள்ளேயிருந்து, "ஐயோ, போச்சு" என்றாள் பெகாயிம். பயிற்சித் தேர்வு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். தேநீர் குடித்துவிட்டு மறுபடி சாய்ந்தேன். மறுபடி போயிற்று. எனக்கு விஷயம் புரிய இரண்டு தடவை போதும். பாயின்டின் பிடி தளர்ந்திருக்கிறது, மெத்தை அழுத்தினால் பிளக் நூலளவு நகர்கிறது, அரை நொடி மின்சாரம் விட்டுப்போகிறது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

தேர்வு நாளில் மட்டும் அணைந்தால் அது சம்பவம், யார் செய்தது என்று தேடுவார்கள். மாதக்கணக்கில் எப்போது வேண்டுமானாலும் அணைந்துகொண்டிருந்தால் அது நோய். நோய்க்கு மருந்துதான் தேடுவார்கள். ஆகவே வாரத்தில் மூன்று நாள் சாய்ந்தேன், சில வாரம் ஐந்து நாள், ஒரு வாரம் சும்மா இருந்தேன். கம்ப்யூட்டரை நான் தொட்டதே இல்லை.

குபாத் வந்து பெட்டியைத் திறந்தான். "அக்கா, உள்ள பாரு, ஒரு ஆட்டுக் கம்பளமே கிடக்குது. தூசிதான், வேற ஒண்ணுமில்ல." துடைத்துவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் அணைந்தது. அடுத்து நினைவகத்தைச் சந்தேகப்பட்டான். இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் போட்டு ஒரு பகல் முழுக்கச் சோதனை ஓடவிட்டான். ஒரு பிழைகூட வரவில்லை. சோதனை ஓடும்போது நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு பவர் சப்ளையை மாற்றினான். நாலு நாள் நிம்மதியாக இருக்கவிட்டேன்.

"மாமா, லைன்ல வோல்டேஜ் இறங்குதோ?" என்று கேட்டான். அவன் எதிரிலேயே மீட்டரை எடுத்து ஒயரின் முனையில் வைத்துக் காட்டினேன். "இருநூத்தி இருபது. கண்ணால பாத்துக்க." சரியாகத்தான் காட்டியது, நான் பொய் சொல்லவில்லை. பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றான். வியாதி என்னவென்று தெரியாமல் ஊன்றுகோல் எதற்கடா என்றேன். பெரியவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டான். தோழி வீட்டில் போய் எழுதட்டுமா என்று பெகாயிம் ஒருமுறை கேட்டாள். இந்த வீட்டு மருமகள் ஊரார் வீட்டில் போய் உட்கார்ந்தால் எர்மெக்கின் பேர் என்னாவது என்றேன்.

அக்டோபரில் முதல் தேர்வு நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. டிசம்பரில் இரண்டாவது, முடிய கால் மணி இருக்கையில். அன்று அவள் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "மாமா, குபாத் எனக்கு நல்ல சாமானத்தானே போட்டிருப்பான்?"

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினேன். "கூடப் பொறந்தவன். வேணும்னே செய்வானாம்மா?" என்றேன். கவனியுங்கள், நான் அவன் பக்கம்தான் பேசினேன். ஆனால் வேண்டுமென்றே என்ற நினைப்பு அதுவரை அவளுக்கு இல்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் அம்மா வீட்டில் விருந்து. பெகாயிம்தான் தேநீர் ஊற்றினாள். ஊசி போடும் கை, ஒரு சொட்டு சிந்தாது. எல்லோருக்கும் மரியாதையாக அரைக் கிண்ணம். குபாத் நீட்டியபோது மட்டும் விளிம்பு வரை ஊற்றி, தளும்பத் தளும்ப முன்னால் வைத்தாள். எங்கள் வழக்கத்தில் அதற்குக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். குபாத் அக்காவைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். "சரிக்கா" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்காவுக்குப் புத்தம்புதுக் கம்ப்யூட்டராகவே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று சைபீரியாவில் ஒரு மர அறுப்புப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். ஜனவரியில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அவனுக்காகவும் நான் உள்ளங்கை விரித்து வேண்டினேன். எனக்கு வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிப்ரவரியில், மூன்றாவது தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பெகாயிம் ரிம்மாவை அழைத்து வந்தாள். ரிம்மா எங்கள் ஆள் இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியக்காரி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். வந்தவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. பெகாயிம் ஒவ்வொரு முறை அணைந்ததையும் தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு அந்த நோட்டு இருப்பதே தெரியாது. ரிம்மா என் எதிரில் சம்மணமிட்டு அதைப் படித்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தடவைகூட போகலையே, ஏன்?"

"தெரியலக்கா. மாமா தொழுகைக்குப் போயிருப்பாங்க, வீடு அமைதியா இருக்கும், நான் நிறைய எழுதுவேன்."

"நவம்பர்ல பத்து நாள் ஒண்ணுமே இல்ல."

"அப்ப மாமா நாரின்ல அவங்க தங்கச்சி வீட்டுல..." பெகாயிம் பாதியில் நிறுத்தினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

ரிம்மா நோட்டை மூடினாள். "பெரியவரே, கொஞ்சம் எழுந்திருங்க."

"அக்கா, மாமா உக்காந்திருக்காங்க" என்றாள் பெகாயிம்.

"தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

எழுந்தேன். வேறென்ன செய்வது. ரிம்மா மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிளக்கின் முகம் கருகியிருந்தது. அதை ஒட்டியிருந்த மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. தொட்டால் பொடிந்தது.

"இன்னும் ஒரு மாசம் போயிருந்தா வீடே பத்திக்கிட்டிருக்கும். இங்க யார் தூங்குறது?"

"அய்தாய்" என்றாள் பெகாயிம். "அடுக்குல தலைய வச்சித்தான் தூங்குவா."

அந்தத் தீய்ந்த வாடை எனக்கு டிசம்பரிலேயே தெரியும். இத்தனை வருடம் மின்சாரத்தோடு இருந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும். தினமும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். குழந்தைக்குச் சளி பிடிக்காத அளவுக்குத்தான். எல்லாமே அவளுக்காகத்தானே. அவள் என்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

ரிம்மா பாயின்டை மாற்றிவிட்டுப் போனாள். இரண்டு நிமிட வேலை. பெகாயிம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குபாத்துக்கு போன் செய்தாள், உள்ளே வெகுநேரம் பேசினாள். பிறகு எப்போதும்போலத் தேநீர் கொண்டுவந்து, என் இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஊற்றினாள். கண்டிப்பாக அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிந்திருந்தால் ஊற்றியே இருக்க மாட்டாள்.

கிண்ணம் விளிம்பு வரை தளும்பியது. தேர்வு நெருங்குகிறதல்லவா, பாவம், கை நடுங்கியிருக்கும்.