மெஷின் தாங்காது

ஸ்கேன் படுக்கையைத் துடைப்பது எனக்குப் பிடித்த வேலை. அதற்கென்று ஆள் இருக்கிறார், ஆனாலும் நானே துடைப்பேன். ஒரு தலைமுடி கிடந்தாலும் எனக்கு ஆகாது. இதில் தப்பு ஒன்றும் இல்லையே, சார்.

குண்டான உடம்பைக் கண்டால் எனக்குக் குமட்டும். மறைத்து என்ன ஆகப்போகிறது? மடிப்புக்குள் மடிப்பு, அதற்குள் பவுடர் கரைந்த ஈரம். படுக்க வைத்துப் பட்டையைக் கட்டும்போது என் விரல்கள் உள்ளே புதையும். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்காது. வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்காக நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்தத் தையல்காரம்மா நல்ல வெயிலில் வந்தாள். வயிற்றில் ஒரு பக்கம் ஓயாத வலி. மருத்துவர் அழுத்திப் பார்த்திருக்கிறார், கொழுப்பைத் தாண்டிக் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அதனால் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். கழுத்திலிருந்து வியர்வை வழிந்து உடைக்குள் போனது. நான் அப்போதுதான் படுக்கையைத் துடைத்து முடித்திருந்தேன்.

"மெஷின் தாங்காதும்மா. எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றேன்.

கூட வந்த தங்கை லேசில் விடவில்லை. "அக்கா வலியில தூங்கறதே இல்ல சார். வேற எங்கயாவது எடுக்க முடியுமா?"

"தனியார்ல எடுக்கலாம். உங்களுக்குக் கட்டுப்படியாகுமான்னு பாத்துக்குங்க."

ஆகாது என்று அவர்களுடைய செருப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தையல்காரம்மாதான் தங்கையைச் சமாதானப்படுத்தினாள். "விடுடி. நம்ம உடம்பு அப்படி. மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் அவரு தலையிலதானே விழும்?" போகும்போது என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். நல்ல மனுஷி, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கட்டட ஒப்பந்தக்காரரைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அதே வாரம் அதே படுக்கையில்தான் அவரையும் படுக்க வைத்தேன். அவளைவிடக் கனமானவர். மூன்று பேர் பிடித்தோம். மெஷின் முனகக்கூட இல்லை. எனக்குத்தான் அன்று மதியமும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரே அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். தாங்காது என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது, சார். கேட்டுக்கொள்கிறவர்களிடம்தான் சொல்ல முடியும்.

தையல்காரம்மா மருத்துவரிடம் திரும்பிப் போயிருக்கிறாள். மெஷின் தாங்காதாம் என்றதும் அவரும் எடையைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு மாடி இறங்கி வந்து என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது. நான் சொன்னது நம்பும்படி இருந்தது, அவ்வளவுதான்.

இடையில் ஒருமுறை வந்தாள். கன்னம் சற்று வற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்று அனுப்பிவிட்டேன். முயற்சி பண்ணுகிறவர்களைப் பாதியில் விடக் கூடாது.

கடைசியாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தங்கை தோளைப் பிடித்து நடத்தி வந்தாள். உடை தொளதொளவென்று தொங்கியது. பக்கத்தில் போனால் ஒரு புளித்த நாற்றம் அடித்தது. ஆனாலும் அவள் முகத்தில் ஒரு பெருமை. "இப்ப தாங்குமா சார்?" என்று கேட்டாள். நான் மனதாரப் பாராட்டினேன். "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது." அவள் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

திரையில் கட்டி நன்றாகத் தெரிந்தது. ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. முதல் தடவையே பார்த்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று மருத்துவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். அடுத்த மாதம் அவள் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மெஷின் அவளைத் தாங்கியிருக்கும். தாங்காது என்று நான் சொன்னது பொய். தெரிந்தேதான் சொன்னேன், அவளிடம் மட்டுமல்ல, அவளைப் போன்ற பலரிடமும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நியாயமாகப் பேசுவோம், சார். எத்தனையோ வருஷமாக யார் சொல்லியும் இளைக்காதவள், நான் சொன்ன பிறகு இளைத்தாளா இல்லையா?