திரும்பாத நாய்

— காதுல ஒரு கோளாறும் இல்லை, மெர்வ். பல்லு, மூட்டு, ரத்தம் எல்லாம் பார்த்துட்டேன். பத்து வயசுக்கு டிங்கர் கல்லு மாதிரி இருக்கான்.

— நல்லாப் பாரும்மா ரோஸ்லின். செவிடாத்தான் இருக்கணும். குளிர்காலத்துலேர்ந்து என் சீட்டிக்குத் திரும்புறதே இல்லை. இவன் பாட்டுக்கு ஆட்டு மந்தையைக் கொண்டுபோய் வேலியில மோத விடுறான்.

— பின்னாடி நின்னு பிஸ்கட் பையைத் தொட்டேன், உடனே திரும்பினான். பார்த்தீங்கல்ல?

— அதுக்குத் திரும்புவான் சனியன்! என்கிட்டதான் திமிரு.

— வீட்டுக்குள்ள கூப்பிட்டா வர்றானா?

— வீட்டுக்குள்ளயா? ஆடு ஓட்டுற நாயை எவன்மா வீட்டுக்குள்ள விடுவான்? கொட்டகைதான். மூணு வாரமா சங்கிலியில கிடக்கான்.

— அதான் கழுத்துல முடி கொட்டியிருக்கா?

— அதைக் கேட்காதேம்மா. என் பொண்டாட்டி பூனையைத் தவிர எதையும் நான் டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்ததில்லை. இதுவே பெரிய விஷயம்.

— சரி சரி. மந்தையைத் திருப்புற சீட்டி ஒண்ணு அடிங்க.

— இங்கயா? வெளில ஆளுங்க உக்காந்திருக்காங்களே.

— பரவாயில்லை, அடிங்க.

— ஃப்ஃப்ஃ... பார்த்தியா? அசையுறானா பாரு!

— வெறும் காத்துதான் வந்துச்சு, மெர்வ்.

— என்னம்மா சொல்ற? ஊரே கேட்கிற மாதிரி அடிச்சேனே!

— சத்தமே வரலை. மேல்பல்லு புதுசா?

— ஜூன்ல, குளிர்காலம் ஆரம்பிக்கிறப்ப கட்டினது.

— அதான். பல்லு மாறினதும் சீட்டி போயிருச்சு. கீச்சுன்னு வர்ற சத்தம் உங்க காதுக்கு எட்டி எத்தனை வருசம் ஆச்சோ, அதனால போனது உங்களுக்குத் தெரியலை. இருங்க, நான் விரலை வச்சு அடிக்கிறேன்... பாருங்க, பாருங்க! எப்படித் துள்ளி எழுந்து நிக்கிறான்!

— எனக்கு ஒண்ணும் கேட்கலையே.

— உங்களுக்குக் கேட்கலை. அவனுக்குக் கேட்டுச்சு.

— அப்ப தப்பு என் வாயிலயா? உதைச்சேன்மா. கண்டபடி திட்டினேன். வெட்கமா இருக்கு. இவன் மூஞ்சியப் பார்க்க முடியலை.

— விடுங்க. இவன் அதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டான், வாலைப் பாருங்க. கடைல தகரச் சீட்டி கிடைக்கும், ஒண்ணு வாங்குங்க. சங்கிலியை அவிழ்த்துடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான் இல்லம்மா.

— வேற என்ன?

— இவனோட அக்கா ஃபெர்னும் இதே மாதிரிதான் திரும்பலை. ஆகஸ்ட்ல நானே சுட்டுட்டேன்.