ரோமாபுரி அட்டைகள்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பாருங்கள் மேடம், பேசிக்கொண்டே உங்கள் மேசையைத் துடைத்துவிட்டேன். நர்ஸ் வேலையில் வந்த பழக்கம்.

என் கணவர் ஜெயசுந்தர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். போன சீசனில் அங்கே ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. லத்தீன் மொழியையும் ரோமாபுரி வழக்கங்களையும் கேள்வி பதிலாக அச்சிட்ட விளையாட்டு அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. வெட்டு கோணலாகிப்போன ஓர் அட்டைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலமானால் காபி குடித்துவிட்டு இருவரும் விளையாடுவோம்.

டாக்டர்கள் எழுதும் 'பி.டி.' லத்தீன் என்பதே எனக்கு அதில்தான் தெரிந்தது. 'பிஸ் டியே', நாளொன்றுக்கு இரண்டு வேளை. துள்ளிக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார்.

"இம்புட்டு வருசமா அர்த்தம் தெரியாமத்தான் மாத்திரை குடுத்தியாக்கும்?"

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயித்தார், ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. வார்டில் ஊசி போடும்போதுகூட அது காதில் கேட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அதனால் காபியில் பாதித் தூக்க மாத்திரையைக் கலந்தேன். ஆளைக் கொல்லும் அளவில்லை, எனக்கு அளவு தெரியும். வாசலைக் காக்கும் ரோமத் தெய்வம் ஜானஸ் என்பதைச் சொல்ல முடியாமல் விழித்தார். நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கிருபா, எனக்கு என்னமோ ஆகுது. தெரிஞ்ச பதிலு வாய்க்கு வரமாட்டேங்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மறதி ஆரம்பிச்சுச்சு."

"ஒண்ணுமில்லங்க, அலைச்சல்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து காலைக் காபியிலும் கலந்தேன்.

ஆர்டர் முடிந்ததும் முதலாளி சீனிவாசகம் அச்சகத்தில் அதே அட்டைகளில் குடும்பப் போட்டி வைத்தார். கடைசிச் சுற்றில் நாங்கள் இருவரும்தான். அந்தச் சுற்று நடந்த அன்று அவர் காபியில் முழு மாத்திரை போட்டேன்.

"வண்டி ஓட்டப் பயமா இருக்கு. ஆட்டோவுல சேந்து போவமா?" என்று கேட்டார்.

"பக்கந்தானே, மெல்ல வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டேன். மாத்திரை வேலை செய்ய நேரம் வேண்டுமல்லவா?

அவர் வரவில்லை. "அவுக வாறதுக்குள்ள உங்க கேள்விய முடிச்சிருவோம்மா" என்றார் முதலாளி. வாசலைப் பார்த்துப் பார்த்து, நின்றுகொண்டே பதில் சொன்னேன். நடுவில் போன் அடித்தது. எங்கள் ஆஸ்பத்திரி நாகஜோதி. அவளுக்கு அன்று விபத்துப் பிரிவில் டியூட்டி என்று எனக்குத் தெரியும். ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடிமைகளுக்கு எஜமானர்களே பரிமாறும் ரோமத் திருவிழா எது என்று கேட்டார்கள். சாட்டர்னேலியா என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் போனை எடுத்தேன். சாத்தூர் ரோட்டில் லாரி. நான் போய்ச் சேருமுன் உயிர் போயிருந்தது.

மாத்திரை கலந்தது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் மேடம். அத்தனை ஆட்டத்திலும் ஒருமுறைகூட நான் அட்டையைத் திருப்பி விடையைப் பார்த்ததில்லை. ஜெயித்ததெல்லாம் நியாயமாக ஜெயித்தது.