கோகிலவாணி உடைத்த அறிவிப்புப் பலகை

என் பெயர் கோகிலவாணி, வயது 27, தகப்பனார் பெயர் நெல்லையப்பன். தாராவியில் அண்ணன் சுடலைக்கண்ணன் வீட்டில் இருக்கிறேன். பை தைக்கும் பட்டறையில் வேலை, திருமணம் ஆகவில்லை. செம்பூர் ஸ்கேன் சென்டரில் இன்று பகல் பதினொன்றரை மணிக்கு அறிவிப்புப் பலகையைப் பிடுங்கி உடைத்ததாக என்மீது புகார். ஆமாம், உடைத்தேன்.

ஐந்து மாதம் முன்பு என் இடது மார்பில் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. காட்டிய டாக்டர், என் வயதுக்கு முதலில் சோனோகிராஃபி என்கிற ஒலி அலை ஸ்கேன்தான் எடுக்க வேண்டும் என்றார். அதன் பிறகு நானும் அண்ணனும் இதே சென்டருக்கு வந்தோம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை சோனோகிராஃபி அறை வாசலில் தொங்கியது. அதன் கீழே வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. அண்ணன் வாசலிலேயே திரும்பிவிட்டார். "கல்யாணம் ஆவாத பிள்ளைய இங்கன பாத்தா என்ன பேசுவாவ? சுப்சாப், சத்தங்காட்டாம நட" என்றார். நானும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன். அது என் தப்பு, மறைக்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் வேறோர் இடத்தில் மார்பு எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்க வைத்தார். டாக்டர் சொன்னது இது இல்லையே என்றேன். "பெரிய மெஷின்ல தெரியாததா சின்ன மெஷின்ல தெரியப்போவுது?" என்றார். இங்கிலீஷ் ரிப்போர்ட்டில் கட்டி தெரியவில்லை என்றும், சதை அடர்த்தியாக இருப்பதால் சோனோகிராஃபி அவசியம் என்றும் இருந்தது. அண்ணன் மேல்வரியை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார். கீழ்வரியையும் படித்ததாக இன்றுதான் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு கட்டி வளர்ந்தது. இன்று நான் அடம்பிடித்து இதே சென்டரில் சோனோகிராஃபி எடுத்தேன். இளவயதுச் சதை மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை, சோற்றுக்குள் தேங்காய்ச் சில்லைத் தேடுகிற மாதிரி, சோனோகிராஃபியில்தான் கட்டி கறுப்பாகப் பிரிந்து தெரியும் என்று டாக்டரம்மா விளக்கினார். இப்போது இரண்டரை சென்டிமீட்டர். முன்பே வந்திருக்கலாமே என்று அவர் கேட்டதும் அண்ணன் பழைய ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாளை காலை ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அதன் பிறகு வெளியே வந்தோம். அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ முன்னால போ, நான் பொறவு வாரேன். சேந்து போனா யாராச்சும் பாப்பாவ" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று எதைப் பார்த்து அண்ணன் திரும்பினாரோ அந்தப் பலகையைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். யாரையும் அடிக்கவில்லை. சென்டர்காரர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. நாளைய சோதனைக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள், வேறு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இதைத் தமிழில் எழுதிய காவலர் ஷ்யாமளா, "மார்புன்னு வேண்டாம்மா, உடம்பு சரியில்லைன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டார். வாசலில் நின்ற அண்ணன், "அப்படியே போடுங்க மேடம்" என்றார். மார்பு என்றே எழுதச் சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். அந்தச் சொல் அப்படியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை, அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) நெ. கோகிலவாணி