லார்டு வீட்டுப் பெண்

"லார்டுக்குக் கடைசியா சவரம் பண்ணி விட்டது நான்தான் மச்சான்."

ஹைதராபாத்தில், குஷாய்குடா பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். லண்டனில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து திரும்பியவர் என்பது பேச்சில் தெரிந்தது. காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"மந்திரியா இருந்தவருன்னியே, அவரா?"

"ஹவ், அவரேதான். அவங்க குடும்பத்துல லார்டு பட்டமும் பங்களாவும் பையனுக்குத்தான். மூத்தது பொண்ணுதான், அதுக்கு ஒண்ணும் கிடையாது. சண்டை போட்டுட்டுப் போன அந்தம்மா அப்புறம் வரவே இல்ல."

"ம்."

"அன்னிக்கு மத்தியானம் கன்னத்துல சோப்போட இருக்கும்போதே சொன்னாரு. பார்லிமெண்ட்டுல ஊருக்கெல்லாம் பேசினேன், எம் பொண்ணுக்காக ஒரு வார்த்தை பேசல, இப்பவே அவளுக்கு போன் போடுன்னாரு. எனக்குப் பசி மச்சான். தூங்கி எந்திரிங்க, சாயங்காலம் போடலாம்னேன். அவர் எந்திரிக்கவே இல்ல."

"அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"சாவுக்கு வந்தாங்க. கடைசியா அப்பா என்னைப் பத்திக் கேட்டாரான்னாங்க. இல்லன்னுட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"



"கேட்டாருன்னு சொன்னா, ஏன் போன் போடலன்னு கேப்பாங்களே."