பெரிய மச்சான் வழி போய், சின்ன மச்சான் வழி வர்ற நெட்டு

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் ஒரு குரல் கேட்டது.

"நெட்டு பெரிய மச்சான் வழியாப் போகட்டும், சின்ன மச்சான் வழியாத் திரும்பி வரட்டும்னுதானுங்க கடையில நெட்டுக்கு வழி காட்டற ஃபயர்வால் பெட்டியை நானே மாத்தி வெச்சேன்."

சொன்னவர் கொப்பரைக் கடைக்காரர். பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு, அவர் கடைக்கு நெட்வொர்க் பார்க்கிறவர்.

"ஏனுங்க அப்படி?"

"ரெண்டு பேரும் நெட்டு கனெக்சன் குடுக்கறவங்க. ஒருத்தனை விட்டா ஊட்டுல சோறு கிடைக்காதுங்க."

"அதனாலதான் லாரிக்கு ஆன்லைன்ல பில் போட முடியல. பெரியவரு லைன்ல அனுப்பறதுல சின்னவரு லைன் விலாசத்தை ஒட்டி உடறீங்க. நடுவுலயே தூக்கிப் போட்டுடறாங்க. போன வழியிலயே பதில் வரோணுமுங்க."

"அப்புறம்?"

"பில்லைப் பெரியவரு லைன்ல உடலாம். கடைக் கேமராவைச் சின்னவருக்குக் குடுத்துடலாம்."

"கேமராவா! வர்ற வாரம் பாப்பாவுக்குக் காதுகுத்துங்க. வலது காதுக்குப் பெரியவன் மடி, இடது காதுக்குச் சின்னவன் மடின்னு பேசி முடிச்சிருக்கு. இப்பச் சின்னவனுக்கு வெறும் கேமராதான்னு சொன்னா அவன் கோவிச்சுட்டு வரமாட்டான், எம்பொண்ணு ஒத்தைத் தோட்டோட நிப்பா."

"பில் இல்லாம லாரி காலையிலிருந்து செக்போஸ்ட்டுல நிக்குதுங்களே!"

அவர் காதுகுத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பும் போய்விட்டது.

"நிக்கட்டுமுங்க. ரெண்டு காதும் குத்தி முடியட்டும்."