மூலை அறைக்கு எட்டாத படம்

அன்று காலையிலிருந்தே என் வலது தோளில் வலி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

குவாரிக் குடியிருப்புக்கு நான்தான் ஒயர்மேன். ஒரே வரிசையில் இருபது அறை, நாற்பது ஆட்கள். போனுக்கு டவர் எட்டாது, என் அறை வாசலில் இருக்கும் வைஃபை பெட்டிதான் எல்லோருக்கும். மதியம் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். மூலை அறையில் இருக்கும் கிரேன் ஓட்டும் அண்ணனின் மகள் அதில் ஆடுகிறாள். அண்ணன் காலில் மாவுக்கட்டு. "தம்பி, புள்ள ஓடறத மட்டும் பாத்துட்டா போதும்டா" என்றார்.

நாற்பது போனுக்கும் ஆட்டத்தைத் தனித்தனியாக அனுப்பினால் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் படத்தை ஒரே தடவை காற்றில் விடுவேன், எல்லாப் போனும் அதையே பிடித்துக்கொள்ளும். ஒரு சங்கடம் உண்டு. எந்தப் போனுக்கு அலை சரியாக எட்டவில்லையோ, அதன் வேகத்துக்குத்தான் பெட்டி எல்லோருக்கும் அனுப்பும்.

இடைவேளைக்குப் பிறகு படம் திக்கியது.

"யோவ் ஒயரு, இது ஆட்டமா, போட்டோ ஆல்பமா?" என்றார் வெல்டர்.

"அந்தப் புள்ள காலத் தூக்கி அஞ்சு நிமிஷமாச்சு. யாராச்சும் எறக்கி விடுங்கப்பா" என்றார் சமையல்காரர். வரிசையே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

மூலை அறைதானே தூரம். அண்ணன் போனைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். மற்றவர்களுக்காக ஒருவர். நியாயம்தானே, சார்.

படம் தேறவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் சோதித்துப் பார்த்த என் பழைய போன், அணைக்காமல், இரும்புக் கருவிப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. எட்டாதது அதற்குத்தான். சத்தமில்லாமல் எடுத்து அணைத்தேன். படம் தண்ணீராக ஓடியது.

"ஒயருன்னா ஒயருதான்யா" என்று வெல்டர் தட்டிக்கொடுத்தார். நல்ல வேளை, வலிக்காத தோள்.

அண்ணனைத் திரும்பச் சேர்க்க ஒரு விரல் போதும். சேர்த்தும் படம் நிற்காமல் ஓடினால், இவ்வளவு நேரம் யாரால் நின்றது என்று கேட்பார்களே. "அண்ணன் போனு பழசு, அங்க எட்டல. அதான் எல்லாருக்கும் திக்குச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

"அப்ப அவர இங்க தூக்கிட்டு வந்துருவமா? நீயும் நானும் போதும்" என்றார் சமையல்காரர்.

தோள் வலிக்கிறது என்றேன். பொய் இல்லை, முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி நிமிடத்தில் அண்ணன் மகள் கோல் போட்டாள். வரிசை அதிர்ந்தது. மூலையிலிருந்து குரல் வந்தது: "யாருப்பா போட்டது? யாராச்சும் சொல்லுங்கப்பா."

நான்தான் போய்ச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் போனால எல்லாருக்கும் தொந்தரவாமே தம்பி. மன்னிச்சிருங்கடா."

எல்லோர் சார்பிலும் மன்னித்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தை யாரும் பதிவு செய்யவில்லை, சார். அண்ணனுக்கு நான் இன்னும் ஒரு கோல் பாக்கி.